நாலாம் நம்பர் லொறி துயிலெழுந்த படலம்

வாழ்க சோலைமலை! கல்லுமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையாம் ஸ்டோரின் தனிப்பெருஞ் சாரதியும், காக்கிச்சட்டைக் கவசம் பூண்டோனும், வெற்றிலையாற் சிவந்த வாயினனும், ஸ்டோர் வாசல் தொடங்கி றொசல்ல ரயில் நிலையம் ஈறாக உள்ள முப்பத்தொரு முடக்குகளையும் கண்ணை மூடிக்கொண்டே திருப்புவேன் என்று சூளுரைத்து, அவற்றுள் ஒன்றை அவ்வாறே திருப்பியுங் காட்டி, அதன் பொருட்டுப் பெரிய துரையிடம் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டோனுமாகிய அவ்வண்டித்திறல் வேந்தன், ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு ஆயுதபூசைக்கு மறுநாட் காலையில், எழ மறுத்த ஒரு டீசல் லொறியோடு ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். பாடுகிற நமக்கு அந்த லொறியின் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது.

நாலாவது முடக்கில், சவுக்கு மரத்தடியில், ஏறும் வண்டி இறங்கும் வண்டி என்ற வேற்றுமை பாராமல் எல்லோரிடமும் தேங்காய் வாங்கிக்கொள்ளும் முடக்குப் பிள்ளையாரே, முதற் காப்பு உமக்கு. அவருக்கு எதிர்ப்புறம், கண்ணாடிக் கூண்டுக்குள் பாலனை ஏந்தி நின்று, தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரே, இரண்டாங் காப்பு உமக்கு. இந்தக் கதையில் இருவருக்குமே வேலை இருந்தது.

இனி லொறியின் குலமும் பெருமையும் கேளீர். பெட்ரோல் குடித்தே கிழமாகிப்போன பழைய வண்டி விலைப்பட்ட பின், கடல் கடந்து, கொழும்புத் துறைமுகங் கண்டு, கடுகண்ணாவைக் கணவாய் ஏறி, கினிகத்தேனையில் இளைப்பாறி, ஊரே திரண்டு வாய்பிளக்க வந்து சேர்ந்த அப்பச்சைநிறப் பெருங்களிற்றுக்கு நாலாம் நம்பர் லொறி என்று பெயர். தோட்டத்தில் இருந்ததே அந்த ஒரு லொறிதான். மற்ற மூன்றும் எங்கே என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. டீசல் குடிக்கும் வண்டியைத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லையாதலால், பனி கொட்டும் இரவில் அதன் குருதி உறைந்துவிடுமோ என்று அஞ்சிய சோலைமலை, தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து அதன் பானெட்டின் மேல் பதமாகப் போர்த்திவிட்டுப் போவான். அந்த வீட்டில் கம்பளி ஒன்றுதான் இருந்தது.

அக்கம்பளியின் மறுபாதிக்கு உரியவள் மீனம்மா, சோலைமலையின் மனைவி, கொழுந்து மலையில் இரு கையும் பறக்க, பகற்பொழுதுக்குள் கூடையை மும்முறை நிறைத்து, நிறுக்கிற கண்டாக்கையாவே தராசைச் சந்தேகிக்கும்படி செய்யும் விரல்வலிமை படைத்தவள். ஏழு இரவு அவள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பொறுத்தாள். எட்டாம் நாள் வைகறையில், தகரப்பெட்டியில் சேலைகளை மடித்து வைத்து, பெட்டியைத் தலையில் ஏற்றி, வாசலில் நின்று, வரிசை வீடுகளான லயத்தின் பன்னிரண்டு காம்பராவும் கேட்க இவ்வாறு பிரகடனம் செய்தாள்:

"எம்மேல போத்துற கம்பளிய அதுமேல போத்துறீங்க. இனிமே சோறும் அதுகிட்டயே கேட்டுக்கங்க."

சொல்லிவிட்டு, றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். புலவன் ஒரு கட்சி சாரக் கூடாது என்பார்கள். நாம் மீனம்மா கட்சி.

அன்றிரவே கம்பளி லொறியை விட்டு வீட்டுக்கு வந்தது. ஆனால் என்ன பயன்? முழுக் கம்பளியும் தனக்கே வாய்த்த அந்தப் பேரரசன், ஒரு நுனியில் சுருண்டு கிடந்து விடியவிடிய விழித்திருந்தான். ரொட்டி சுடப் புகுந்து மூன்று விரலைச் சுட்டான். உப்பு எந்த டின்னில் இருக்கிறது என்று அறிய அவனுக்கு ஐந்து நாளாயிற்று. இருபத்துமூன்று நாள் இப்படிக் கழிந்தன. அவள் இல்லாத வீடு அவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அவன் மெலிவு கண்டு மனமிரங்கிய இராமையா கங்காணி, கறுப்புக் கோட்டும் கைக்குடையுமாய், இரு பேரரசுகளுக்கு இடையே தூது செல்பவர் போல் றொசல்லைப் பக்கம் போய், மீனம்மாவின் அண்ணன் வீட்டில் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்து, உடன்படிக்கையோடு திரும்பினார். ஆயுதபூசைக்கு மறுநாள் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு சோலைமலை றொசல்ல ஸ்டேசனுக்கு வருவான் அல்லவா, அன்று அவளும் தகரப்பெட்டியோடு அங்கே வந்து நிற்பாள். நானுஓயா போகும் பத்து மணி ரயிலுக்கு முன் அவன் வந்தால் அவனோடு வீட்டுக்கு வருவாள். வராவிட்டால் அந்த ரயிலில் ஏறி நானுஓயாவிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்; அதன்பின் கங்காணி அல்ல, கவர்னரே தூது வந்தாலும் திரும்பமாட்டாள். பத்து மணி என்றால் பத்து மணி.

சோலைமலை கேட்டு, தலையாட்டி, அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.

ஆயுதபூசையும் வந்தது. லொறியின் கிளீனர் சின்னத்தம்பி ஐம்பது வயது கடந்தவர். வண்டியில் ஒரு நட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் தெய்வம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர். தம்முடைய டைவர் மறுநாள் பெண்டாட்டியை அழைத்துவரப் போகிறான் என்பதால் அம்முறை பூசையை மூன்று பங்கு பெரிதாக்கினார். களிற்றைக் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, கதம்பமாலை சூட்டி, விருந்துநாளில் வண்டி மட்டும் பசித்திருக்கலாமா என்று வாதாடி டாங்கி நிறைய, கழுத்து முட்ட, டீசலும் வார்க்கச் செய்தார். போன வருடம் வைத்த சந்தனம் மழைச்சாரலில் கரைந்துபோன துயரம் அவர் நெஞ்சில் இருந்தது. ஆகவே இம்முறை கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, அதிலே சந்தனத்தைக் குழைத்து, விளக்கு, கதவு, சில்லு, கொக்கி, மூடி என்று கண்ணிற்பட்ட உறுப்பிலெல்லாம் கட்டைவிரல் தடிப்பில் அப்பி, நடுவே குங்குமமும் வைத்தார். எஞ்சின் சூட்டிலும் ஸ்டோரின் அனற்காற்றிலும் அது காய்ந்து கல்லாயிற்று. பெயர்க்க உளி வேண்டும் என்று சின்னத்தம்பி பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

விடிந்தது போர்நாள்.

மலைமுகடுகள் மூடுபனிப் போர்வையை இழுத்துப் போர்த்துக் கிடந்த ஆறரை மணிப் பொழுதில், நாற்பது தேயிலைப் பெட்டிகளை முதுகில் ஏற்றிநின்ற நாலாம் நம்பரின் ஆசனத்தில், வெள்ளை வேட்டியும் புதுச்சட்டையும் தரித்து, மீசைக்கு எண்ணெய் தடவி, சோலைமலை ஏறியமர்ந்து, பிள்ளையாரை நினைந்து செல்ப் பித்தானை அழுத்தினான். களிறு இருமிற்று. உடம்பெல்லாம் ஒருமுறை குலுங்கிற்று. வெண்புகை ஒரு கவளம் கக்கிற்று. பிறகு பேச்சுமூச்சு இல்லை.

மீண்டும் அழுத்தினான். மீண்டும் இருமல். காலையில் பெயர் பதியும் பெரட்டுக் களத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள், இந்த வண்டி எங்கே போகவேண்டும், எதற்குப் போகவேண்டும் என்பது அவர்கள் அனைவருக்கும் தெரியுமாதலால். குளிர்தான் பகைவன் என்று ஒருத்தி கூற, லயத்துக்கு லயம் அடுப்பு மூண்டது. வாளி வாளியாய் வெந்நீர் அணிவகுத்து வந்தது. எஞ்சினுக்கு அபிசேகம் நடந்தது. சாக்குத்துணியைக் கம்பியிற் சுற்றி, டீசலில் நனைத்துக் கொளுத்தி, சூரபதுமன் மேல் தீக்கணை தொடுப்பவர் போல் சின்னத்தம்பி காற்றிழுக்கும் குழாயின் வாயிலே பந்தம் பிடித்தார். அவர் புருவத்தில் பாதி போயிற்று. பித்தான் அழுத்த அழுத்த, முதலிற் சிங்கமாய்க் கர்ச்சித்த பேட்டரி, பின் ஆடாய்க் கத்தி, கடைசியில் கொசுவாய் முனகியது. ஏழு மணி ஆகிவிட்டது.

ஆனால் மலைநாட்டுச் சாரதியைப் பேட்டரியால் மட்டும் வெல்ல முடியுமோ? மாலையில் வண்டியை நிறுத்தும்போதே மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, சில்லுக்கு முன்னே கல் வைத்து வைப்பது இந்த மலைகளின் மாறாத போர்மரபு. சோலைமலை கை உயர்த்த, சின்னத்தம்பி கல்லை உருவ, மலை சரிந்ததோ எனக் களிறு இறக்கத்தில் உருண்டது. இரண்டாம் கியரைப் போட்டு அவன் கிளச்சை விட்ட அக்கணத்தில், தடாரென்று நெஞ்சதிர்ந்து, கரும்புகை கக்கி, முழங்கி எழுந்தது எஞ்சின். பெண்கள் குலவையிட்டார்கள். வெற்றிப் பெருமிதத்தோடு முதல் முடக்கும், இரண்டாம் முடக்கும், மூன்றாம் முடக்கும் திருப்பி, நாலாவது முடக்கில் பிள்ளையாருக்கு நேர் எதிரே வந்ததும், லொறி ஒரு விக்கல் விக்கி நின்றுபோயிற்று.

தேங்காய் உடைத்துப் பார்த்தார்கள். பிள்ளையார் வாங்கிக்கொண்டார், லொறி அசையவில்லை.

அப்பொழுது அழைக்கப்பட்டார் பத்திநாதன். ஸ்டோரின் பெரிய எஞ்சினை இருபது வருடமாகக் கட்டி மேய்ப்பவர். எஞ்சின் மேல் காது வைத்து அதன் நாடி அறிபவர். மார்பில் அந்தோனியார் பதக்கத்தை ஊக்கில் குத்தி அணிந்து, பழந்துணிப் பையில் ஸ்பேனர்களைச் சுற்றி, அவசரம் இன்றி நடந்துவந்தார். வந்தவர் காற்றுப் புகுந்துவிட்டது என்றார். பில்டரின் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரைத்து வந்த காற்றுக் குமிழிகளைக் கடைசிக் குமிழி வரை விரட்டியடித்தார். டீசல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்து, தாராளமாக இருக்கிறது என்று மூடினார். உருட்டிவிட்டார்கள். எழுந்தது லொறி. பத்திநாதனும் தொற்றி ஏறிக்கொண்டார்.

அரை மைல் போனதும் செத்தது. மறுபடி திருகாணி, மறுபடி பம்பு, மறுபடி குச்சி; மறுபடி எழுந்தது; பதினோராம் முடக்கில் மறுபடி செத்தது. அறுத்தெறியுந்தோறும் முளைக்கும் அரக்கன் தலையைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். எழுப்புந்தோறும் சாகும் களிற்றை அன்றுதான் அந்த ரோட்டுக் கண்டது. பில்டரைக் கழற்றி அலசினார்கள். குழாயை வாயால் உறிஞ்சி ஊதினார்கள். டீசல் குடித்த சின்னத்தம்பி அரைமணி நேரம் ஏப்பம் விட்டார். பூசையில் எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை, அதுதான் குறை என்பது அவர் கருத்து. எங்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டு சக்களத்திக் குணம் காட்டுகிறது என்பது சோலைமலையின் கருத்து. பதினேழாம் முடக்கில், நாலாம் முறையாக அது நின்றபோது, மணி ஒன்பது கழிந்து பத்து நிமிடம்.

ஸ்டேசனுக்கு இன்னும் நான்கு மைல் இருந்தது.

சோலைமலை இறங்கினான். புதுச்சட்டையில் கரி, வேட்டியில் டீசல், மீசை எண்ணெயில் புகை. முடக்குக் கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு நிமிடம் தலையைக் கையில் தாங்கினான். நாற்பது பெட்டித் தேயிலையை நடுரோட்டில் விட்டுப் போனவனுக்குத் துரை அதன்பின் வண்டிச்சாவி கொடுக்கப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சாவிக்காக அவன் எட்டு வருடம் கிளீனராக இருந்தவன். இருந்தும் எழுந்தான், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான், தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையைப் பார்த்து நடந்தான்.

"வண்டி கெடக்கட்டும். நா ஓடுறேன்."

அந்நேரத்தில் பத்திநாதன், வேறு செய்வதற்கு ஒன்றும் தோன்றாமையால், நாலாம் முறையாக டாங்கி மூடியைத் திருகினார். எஞ்சின் ஓடாத, யாரும் பேசாத, காற்றும் அடங்கிய அந்த ஒரு கணத்தில், மூடி விலகவும், டாங்கி உஸ்ஸென்று நெடுமூச்சு ஒன்றை உள்ளுக்கு இழுத்தது. இருபது வருடம் எஞ்சின் நாடி பார்த்த காது அது. பத்திநாதன் மூடியைக் கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

"நில்லு சோலமல. ஒவ்வொரு வாட்டியும் நம்ம மூடிய தொறந்ததாலதான் ஓடியிருக்கு. இது மூச்சு விட முடியாம நிக்கிது."

கேளீர் அதன் சூட்சுமம். டாங்கி மூடியின் நெற்றியில் கடுகளவு துளை ஒன்று உண்டு. டீசல் எஞ்சினுக்கு இறங்க இறங்க அதற்கு ஈடாகக் காற்று உள்ளே புகும் வாசல் அது. அந்த வாசலைச் சின்னத்தம்பியின் பக்தி, கருப்பட்டிப் பாகும் சந்தனமும் சேர்த்துச் சீல் வைத்திருந்தது. டாங்கியோ கழுத்து முட்ட நிறைந்தது. உள்ளே இருந்த கைப்பிடிக் காற்றும் தீர்ந்ததும், டீசலை விடாமல் பிடித்துக்கொண்டது. வண்டிக்கு நோய் எதுவும் இல்லை. பூசைதான் அளவுக்கு மிஞ்சிவிட்டது.

துளையைத் திறக்கப் படைக்கலம் தேடினார்கள். ஸ்பேனர் பெரிது, கம்பி தடிப்பு, குச்சி முறிந்தது. பத்திநாதன் சற்றே தயங்கி, மார்பிலிருந்து அந்தோனியாரைக் கழற்றிப் பயபக்தியோடு சட்டைப்பையில் வைத்துவிட்டு, அவரைத் தாங்கியிருந்த ஊக்கினால் பிள்ளையார் பூசைச் சந்தனத்தைக் குத்திக் குடைந்து பெயர்த்தார். மறுபுறம் வெளிச்சம் தெரிந்தது. சின்னத்தம்பி தம் கன்னத்தில் இரண்டு போட்டுக்கொண்டு, தலைப்பாகையை அவிழ்த்து மூடியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினார். அவரைக் குறை சொல்ல நேரமில்லை.

உருண்டது, எழுந்தது, முழங்கியது லொறி. ஏறுமுன் பத்திநாதன் விதித்த கட்டளை ஒன்றே.

"பேட்டரி அடியோட போச்சு. மட்டமான எடத்துல மட்டும் எஞ்சின நிப்பாட்டிறாதீங்க."

அதன்பின் அக்களிறு ஓடிய ஓட்டத்தை எப்படிச் சொல்வோம்! முடக்குக்கு முடக்கு ஆரன் அலற, கொழுந்துக்காரிகள் கரையில் ஒதுங்க, பெட்டிகளின் மேல் குப்புறக் கிடந்த சின்னத்தம்பி தெரிந்த தெய்வம் தெரியாத தெய்வம் அனைத்தையும் கூவியழைக்க, பதினெட்டு, இருபது, இருபத்தைந்து என முடக்குகள் பின்னே சுருண்டு ஓட, சோலைமலை ஓட்டினான். இருபத்தொன்பதாம் முடக்கில் ரயிலின் ஊதல் கேட்டது. முப்பதாம் முடக்கில் ரயில் வந்து நின்றது தெரிந்தது. கடைசி முடக்கைத் திருப்பி ஸ்டேசன் முற்றத்துக்குள் அவன் நுழைந்தபோது, அதன் கடைசிப் பெட்டி ஹற்றன் பக்கத்து வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

பிளாட்பாரம் காலியாக இருந்தது. சோலைமலை ஸ்டியரிங்கை விடாமல் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொரு முடக்கை வென்ற தோள்கள் இறங்கிப்போயின. அவனுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் அவனுக்குத் தெம்பு இல்லை.

பெட்டி நிறுக்கும் பெரிய தராசுக்குப் பின்னாலிருந்து, தகரப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, மீனம்மா வந்தாள்.

அவன் வாயசைத்தான், எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சன்னலருகே வந்து, கரியும் எண்ணெயுமாய் இருந்த அவன் முகத்தை மேலும் கீழும் பார்த்து, உரக்கச் சொன்னாள்:

"அத நிப்பாட்டுங்க. ஒண்ணு கேக்கணும்."

ஸ்டேசன் முற்றம் தோசைக்கல் போல் மட்டமானது. பெட்டிகளின் மேலிருந்து சின்னத்தம்பி இரு கையும் வீசினார்; மறுபக்கத்து ஆசனத்திலிருந்த பத்திநாதன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நாட்டைத் துறந்தவரைப் பாடியிருக்கிறார்கள், முடியைத் துறந்தவரைப் பாடியிருக்கிறார்கள்; மட்டத்தரையில், செத்த பேட்டரியோடு, ஓடுகிற எஞ்சினைக் கண்ணிமைக்காமல் நிறுத்திய சாரதியை நாம்தான் முதன்முதலிற் பாடுகிறோம். சோலைமலை நிறுத்துங்கம்பியை இழுத்தான். றொசல்ல முழுவதும் அமைதியாயிற்று.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் மீனம்மா.

"ரொட்டி." வளைவைக் கண்ணால் காட்டி, "நீ ரயில்ல ஏறலியா?"

"ரெண்டு முடக்குக்கு அங்கிட்டே வண்டிச் சத்தம் கேட்டுச்சு. அதான் ஏறல."

வாகை சூடினான் சோலைமலை. பகைவெம்போர் முடித்த பெருவீரன் தன் அரசியைத் தேரேற்றுவது போல் தகரப்பெட்டியை வாங்கி உள்ளே வைத்து, அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, பத்திநாதன் பெருந்தன்மையோடு பின்னால் போய்விட, நாற்பது தேயிலைப் பெட்டிகளும் இறக்கப்பட்டு, ஸ்டேசன் மாஸ்டரின் கையொப்பமும் பெறப்பட்டபின், சந்தனம் மணக்க, கதம்பமாலை அசைய, திசை எட்டும் அதிரப் புறப்படும் பெருமுழக்கத்தை எதிர்பார்த்து மலைகளும் காத்திருக்க, செல்ப் பித்தானை அழுத்தினான், களுக் என்றது. சின்னத்தம்பியும் பத்திநாதனும் தள்ளினார்கள். மூட்டை தூக்குபவர்கள் இருவர் வந்து சேர்ந்து தள்ளினார்கள். வண்டி ஓரடி நகர்ந்து, அரையடி பின்னே வந்தது.

மீனம்மாவும் இறங்கித் தள்ளினாள்.